இணைப்பும் பிரிவும்: 1965-இல் சிங்கப்பூர் மலேசியாவை விட்டு நீங்கிய வரலாறு

ஒரு நாடு தான் அங்கமாயிருக்கும் அரசியல், வாணிகக் கூட்டமைப்பை விட்டு விலகுவது நன்மையா, தீமையா என்னும் வினா நம் காலத்தில் மீண்டும் வலுவாக எழுந்துள்ளது. 2016-ஆம் ஆண்டு நடந்த மக்கள் வாக்கெடுப்பின்படி, ஐக்கிய இராச்சியம் 2020 ஜனவரி 31-ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியதே இதற்குக் காரணம். அவ்விலகலின் பயன் இன்னும் முழுமையாக விளைந்துவிடவில்லை. ஆதலின் அதைப்பற்றித் தீர்ப்புக் கூறுவோர் பெரும்பாலும் தம் விருப்பத்தையே தீர்ப்பாக உரைக்கின்றனர். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன் ஆசியாவிலேயே நிகழ்ந்த ஒரு பிரிவின் கணக்கு நம் முன் விரிந்து கிடக்கிறது. 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியக் கூட்டரசினின்று பிரிந்து தனி நாடாயிற்று. சேர்ந்திருந்த காலம் இருபத்துமூன்று மாதங்களுக்கும் சற்றுக் குறைவு.

இவ்வரலாற்றைப் பலர் ஒரு வெற்றிக் கதையாகவே அறிவர். வெளியேற்றப்பட்ட சிறு தீவு உழைத்து உயர்ந்து, ஆசியாவின் செல்வ நாடுகளுள் ஒன்றாயிற்று என்பது அக்கதை. அது பொய்யன்று, ஆயினும் முழுமையுமன்று. பிரிவின் நன்மை தீமைகளை எடைபோடும்போது எவற்றையெல்லாம் தட்டில் வைக்க வேண்டும் என்பதே முதற்கேள்வி. அன்று ஏறக்குறைய எல்லாரும் அஞ்சிய இழப்பு பிற்காலத்தில் ஈடுசெய்யப்பட்டது. அன்று சிலரே எண்ணி வருந்திய இழப்போ இன்றளவும் ஈடுசெய்யப்படவில்லை. இவ்வுண்மையை வரலாற்றுச் செய்திகளின் வழியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணைப்பு நாடப்பட்ட காரணங்கள்

சிங்கப்பூரும் மலாயாவும் நெடுங்காலம் ஒரே பிரித்தானிய ஆதிக்கத்தின் கீழ் இருந்தவை. 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலம் தீவை ஜொகூர் மாநிலத்துடன் பிணைத்தது. மலாயாவின் இரப்பரும் ஈயமும் சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வழியாகவே பெருமளவில் உலகச் சந்தைக்குச் சென்றன. குடும்பங்கள் இரு கரையிலும் பரவியிருந்தன. எனினும் 1946-இல் பிரித்தானியர் மலாயா ஒன்றியத்தை அமைத்தபோது சிங்கப்பூரை மட்டும் தனிக் குடியேற்ற நாடாக ஒதுக்கி வைத்தனர். 1957-இல் மலாயா விடுதலை பெற்றது. சிங்கப்பூர் 1959-இல் உள்நாட்டுத் தன்னாட்சி மட்டுமே அடைந்தது.

அக்காலச் சிங்கப்பூர்த் தலைவர்கள் தனி விடுதலையை நகைப்புக்குரிய எண்ணமாகவே கருதினர். காரணம் வெளிப்படை. பிற நாட்டுச் சரக்கை வாங்கி விற்கும் மறுஏற்றுமதி வாணிகம் பெருகும் மக்கட்தொகைக்கு வேலை தரப் போதவில்லை. 1957-இல் பதினான்கரை இலட்சத்தை எட்டாதிருந்த மக்கட்தொகை 1965-இல் ஏறத்தாழ பத்தொன்பது இலட்சமாயிற்று. ஆலைகளை நிறுவியே ஆக வேண்டும். ஆலைச் சரக்குக்குச் சந்தை வேண்டும். அச்சந்தை மலாயாவே என்பது அவர்தம் வாதம். ஜாக் ருயேஃப் தலைமையில் வந்த உலக வங்கிக் குழுவும் மலேசியப் பகுதிகள் அனைத்திற்கும் பொதுச் சந்தை ஒன்றை அமைக்குமாறு 1963-இல் பரிந்துரைத்தது.

கோலாலம்பூரின் நோக்கமோ வேறு. மலாயாப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் முதலில் இணைப்பை விரும்பவில்லை. சிங்கப்பூர் சேர்ந்தால் சீனரின் எண்ணிக்கை மலாய் மக்களின் எண்ணிக்கையை மிஞ்சும் என அவர் அஞ்சினார். ஆனால் சிங்கப்பூரில் இடதுசாரிகள் ஆட்சியைப் பிடித்தால், தம் வாயிலில் ஒரு பொதுவுடைமை நாடு தோன்றிவிடும் என்ற அச்சம் அதனினும் பெரிதாயிற்று. 1961 மே 27-ஆம் நாள் அவர் சிங்கப்பூரில் நிகழ்த்திய உரையில் மலேசியத் திட்டத்தை முதன்முதலாக வெளிப்படுத்தினார். மக்கட்தொகையின் சமநிலைக்காகப் போர்னியோத் தீவின் சபா, சரவாக் பகுதிகளும் சேர்க்கப்பட்டன.

ஈண்டு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு தரப்பார் சந்தையை நாடி வந்தனர். மறு தரப்பார் பாதுகாப்பை நாடி வந்தனர். இருவரும் ஒரே உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். ஆனால் இருவர் மனத்திலும் இருந்த மலேசியா ஒன்றன்று.

உடன்படிக்கையுள் மறைந்திருந்த பிளவு

1962 செப்டம்பர் 1-ஆம் நாள் சிங்கப்பூரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. வாக்குச்சீட்டில் மூன்று தெரிவுகள் இருந்தன. மூன்றும் இணைப்பின் வெவ்வேறு வகைகளே. இணைப்பு வேண்டாம் என்று கூற அதில் இடமில்லை. அரசு முன்வைத்த தெரிவுக்கு நூற்றுக்கு 71 பேர் வாக்களித்தனர். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் சீட்டை வெறுமையாகவே இட்டனர். 1963 பிப்ரவரியில் இடதுசாரித் தலைவர்களும் தொழிற்சங்கத்தாரும் நூற்றுக்கு மேற்பட்டோர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். இத்தகைய சூழலில்தான் அவ்வாண்டு ஜூலை 9-ஆம் நாள் இலண்டனில் மலேசிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. செப்டம்பர் 16-ஆம் நாள் மலேசியா பிறந்தது.

உடன்படிக்கையின் விதிகள் கொடுக்கல் வாங்கலாக அமைந்தன. கல்வியும் தொழிலாளர் துறையும் சிங்கப்பூரின் கையில் விடப்பட்டன. அதற்கு ஈடாக, 159 உறுப்பினர் கொண்ட கூட்டரசு நாடாளுமன்றத்தில் சிங்கப்பூருக்கு 15 இடங்களே கிடைத்தன; மக்கட்தொகைக்கு ஏற்ற பங்கு இதனினும் மிகுதி. அன்று சிங்கப்பூரினும் குறைந்த மக்கட்தொகை கொண்ட சரவாக்குக்கு 24 இடங்கள் தரப்பட்டதை நோக்கின் இவ்வேறுபாடு விளங்கும். சிங்கப்பூர் தன் வரி வருவாயில் 40 விழுக்காட்டை நடுவண் அரசுக்குத் தரவும், போர்னியோப் பகுதிகளின் வளர்ச்சிக்கு 15 கோடி வெள்ளி கடனாக அளிக்கவும் இசைந்தது. பொதுச் சந்தை உடனே அமையாமல் பன்னிரண்டு ஆண்டுகளில் படிப்படியாக அமையும் என்று ஏற்பாடாயிற்று.

ஆக, சிங்கப்பூர் பெற வேண்டியது எதிர்காலத்தில் இருந்தது. கொடுக்க வேண்டியது நிகழ்காலத்தில் இருந்தது. மேலும் சிங்கப்பூர்க் குடிமகன் மலேசியக் குடிமகனாகவும் ஆனான். ஆயினும் அவன் சிங்கப்பூரில் மட்டுமே வாக்களிக்கலாம். குடியுரிமை ஒன்று, உரிமை இருவகை என்ற இந்த ஏற்பாடே பின்னர் வெடித்த பூசலுக்கு விதையாயிற்று எனலாம்.

ஒன்றாயிருந்த மாதங்கள்

பூசல் இருமுனைகளில் வளர்ந்தது. முதலாவது, பொருளாதாரம். பொதுச் சந்தைப் பணி நகரவேயில்லை. புதிய ஆலைகளுக்கு வரிச்சலுகை வழங்கும் முன்னோடித் தொழில் சான்றிதழ்களைக் கோலாலம்பூர் காலந்தாழ்த்துவதாகச் சிங்கப்பூர் குறை கூறியது. நடுவண் நிதியமைச்சர் டான் சியூ சின் சிங்கப்பூர் செலுத்தும் பங்கை 40-இலிருந்து 60 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்றார். இதற்கிடையில் மலேசியா அமைந்ததை எதிர்த்து இந்தோனேசியா மேற்கொண்ட ‘கொன்ஃப்ரொந்தாசி’ என்னும் பகைமைப் போக்கினால், சிங்கப்பூரின் பழைய வாணிகத்தில் ஒரு பெரும் பகுதி அற்றுப்போயிற்று. 1965 மார்ச்சு 10-ஆம் நாள் மெக்டொனால்டு மாளிகையில் வெடித்த குண்டு மூவரைக் கொன்றது.

இரண்டாவது, அரசியல். 1963 செப்டம்பரில் நடந்த சிங்கப்பூர்த் தேர்தலில் மலாய் மக்கள் மிகுந்த தொகுதிகளிலும் லீ குவான் யூவின் மக்கள் செயல் கட்சி வென்றது அம்னோ கட்சியாருக்குச் சினமூட்டியது. 1964 ஏப்ரலில் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்தில் ஒன்பது தொகுதிகளில் போட்டியிட்டு ஒன்றில் மட்டும் வென்றது; வென்றவர் தேவன் நாயர். இப்போட்டியை அம்னோ தலைவர்கள் தம் வீட்டினுள் புகுந்த செயலாகக் கண்டனர். இரு தரப்பிலும் பேச்சில் இனச்சூடு ஏறிற்று. அவ்வாண்டு ஜூலை 21-ஆம் நாள் நபிகளின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட கலவரத்தில் 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் மூண்ட கலவரம் 13 உயிர்களைக் குடித்தது.

1965 மே மாதத்தில் மக்கள் செயல் கட்சியும் வேறு சில எதிர்க்கட்சிகளும் கூடி மலேசிய ஒற்றுமை மாநாட்டைத் தோற்றுவித்தன. ‘மலேசியருக்கே மலேசியா’ என்பது அவர்தம் முழக்கம். எந்த இனத்தாருக்கும் தனியுரிமையின்றி எல்லாக் குடிமக்களும் சமம் என்பது இதன் பொருள். சொல்லளவில் எவரும் மறுக்கவியலாத கொள்கை. ஆயினும் பொருளாதாரத்தில் பின்தங்கியிருந்த மலாய் மக்களுக்கு, அரசியலமைப்பு தமக்களித்த காப்பைப் பறிக்கும் சூழ்ச்சியாக அது தோன்றியது. இரு தரப்பாரிடத்தும் நியாயம் இருந்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. நியாயங்கள் இரண்டும் ஒரே மேசையில் அமர்ந்து பேசும் பொறுமைதான் இல்லாமற் போயிற்று.

வெளியேறியதா, வெளியேற்றப்பட்டதா?

சிங்கப்பூர் வெளியேற்றப்பட்டது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1965 ஜூன், ஜூலை மாதங்களில் துங்கு இலண்டன் மருத்துவமனையில் அக்கியால் வருந்திப் படுத்திருந்தபோது இம்முடிவுக்கு வந்தார் என்பது உண்மையே. ஆனால் சிங்கப்பூரின் நிதியமைச்சர் கோ கெங் சுவீ, தாமே பிரிவை நாடித் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்குடன் மறைவாகப் பேசியதைப் பிற்காலத்தில் வெளிப்படுத்தினார். அவர் பேணிய கோப்புக்கு ‘அல்பட்ராஸ்’ என்று பெயரிட்டிருந்தார். கழுத்தில் தொங்கும் பெருஞ்சுமை என்ற பொருளில் ஆங்கிலேயர் வழங்கும் கடற்பறவையின் பெயர் அது. தளர்ந்த கூட்டாட்சி ஒன்றையேனும் நிலைநிறுத்த லீ விரும்பினார்; எனினும் ஜூலை இறுதியில் பிரிவைப்பற்றிப் பேசவும் கோவுக்கு எழுத்து மூலம் அதிகாரம் அளித்தார். ஆக, ஒரு தரப்பு தள்ளியது. மறு தரப்பு தானும் கதவைத் திறந்துகொண்டது என்பதே சரியான கூற்று.

சட்ட அமைச்சர் எட்மண்டு பார்க்கர் ஆவணங்களை வரைந்தார். ஆகஸ்டு 7-ஆம் நாள் கோலாலம்பூரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மலாயாவில் பிறந்து வளர்ந்த தோ சின் சாயும், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினமும் ஒப்பமிட மறுத்து நின்றனர். தீபகற்பத்தில் தம்மை நம்பி அணிதிரண்ட மக்களைக் கைவிட அவர்களுக்கு மனமில்லை. வேறு வழியில்லை, பிரியாவிடில் இரத்தம் சிந்தும் என்னும் கருத்தில் துங்கு தோவுக்குக் கடிதம் எழுதிய பின்னரே இருவரும் இசைந்தனர். ஆகஸ்டு 9-ஆம் நாள் மலேசிய நாடாளுமன்றம் 126 வாக்குகளுடன், எதிர்ப்பு வாக்கு ஒன்றுமின்றிப் பிரிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. அன்று தொலைக்காட்சியில் பேசிய லீ கண்ணீர் விட்டழுதார்.

இணைப்புக்கு மக்களின் வாக்கு கேட்கப்பட்டது, பிரிவுக்குக் கேட்கப்படவில்லை. இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பிரித்தானியர் 2016-இல் முதலில் வாக்களித்தனர்; விலகும் நிபந்தனைகள் யாவை என்று பிறகே பேசத் தொடங்கினர். வாக்களித்தோரில் 51.9 விழுக்காட்டினர் விலகலை ஆதரித்த அம்முடிவு நடைமுறைக்கு வர மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வாணிக உடன்பாடு 2020 டிசம்பர் இறுதியில்தான் கையெழுத்தாயிற்று. சிங்கப்பூரிலோ நிபந்தனைகள் முதலில் எழுதப்பட்டன. நாடு அதை அறிந்தபோது யாவும் முடிந்திருந்தன. குழப்பம் தவிர்க்கப்பட்டது. ஆயினும் ஒருநாட் காலையில் இலட்சக்கணக்கானோரின் நாடு மாறியபோது அவர்களை எவரும் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

பிரிவினால் விளைந்த நன்மைகள்

இனி, நன்மைகளை முதலில் கருதுவோம்.

முதலாவது நன்மை, முடிவெடுக்கும் உரிமை. வரி, தொழில், அயலுறவு ஆகியவற்றில் பிறரின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டிய நிலை ஒழிந்தது. மலேசியச் சந்தை மூடிக்கொண்டதால் உலகச் சந்தையை நோக்கித் திரும்ப வேண்டிய கட்டாயம் நேர்ந்தது. 1961-இல் அமைந்த பொருளாதார வளர்ச்சிக் கழகம் ஜூரோங் பகுதியில் ஆலைகளை வளர்த்தது. 1960-களின் இறுதியில் அமெரிக்க மின்னணுக் குழுமங்கள் வரத்தொடங்கின. நாட்டு வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிரித்தானியப் படைத்தளங்களைச் சார்ந்திருந்தது. அவற்றை மூடப்போவதாக 1968 ஜனவரியில் பிரித்தானியா அறிவித்தபோது அழிவு நேரும் என்றே பலர் எண்ணினர். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் பொருளாதாரம் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. 1965-இல் ஆளொருவருக்கு ஏறக்குறைய 500 அமெரிக்க டாலராயிருந்த ஆண்டு வருவாய் இன்று 80,000 டாலரைக் கடந்துள்ளது.

இரண்டாவது நன்மை, உலக அரங்கில் தனிக்குரல். 1965 செப்டம்பர் 21-ஆம் நாள் சிங்கப்பூர் ஐக்கிய நாடுகள் அவையின் 117-ஆவது உறுப்பினராயிற்று. 1966 ஆகஸ்டில் இந்தோனேசியப் பகைமை முடிவுற்றது. 1967 ஆகஸ்டு 8-ஆம் நாள் ஆசியான் அமைப்பைத் தோற்றுவித்த ஐந்து நாடுகளுள் இந்தோனேசியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் சமநிலையில் அமர்ந்தன. கூட்டரசுக்குள் பதினைந்து இடங்களுக்கு மன்றாடிய தீவு, அண்டை நாடாக ஒரு முழு இடத்தைப் பெற்றது.

மூன்றாவது நன்மை, பல்லினச் சமநிலையைச் சட்டத்தில் எழுதும் உரிமை. இது மலாய் நாடுமன்று, சீன நாடுமன்று, இந்திய நாடுமன்று, யாவருக்கும் இடம் உண்டு என்று லீ பிரிவு நாளன்றே அறிவித்தார். அவ்வாண்டு டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் ஆட்சிமொழிகளாக உறுதிசெய்தது. எண்ணிக்கையில் சிறுபான்மையினரான தமிழரின் மொழி ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் ஒலிக்கும் உரிமை பெற்றது இதனால் நிலைத்தது.

பிரிவினால் நேர்ந்த இழப்புகள்

இழப்புகளும் பலவாம். முதல் இழப்பு, சந்தை. பிரிந்தவுடன் இரு நாடுகளும் ஒன்றன் சரக்குக்கு மற்றொன்று தடையிட்டன. 1967-இல் நாணயம் இரண்டாயிற்று. கூட்டாக நடத்திய விமானக் குழுமம் 1972-இலும், பங்குச் சந்தை 1973-இலும் பிரிந்தன. அரசைச் சாராத அமைப்புகளும் இவ்வழியே சென்றன. மலாயாவுடன் ஒரே ஆங்கிலிக்கன் மறைமாவட்டமாயிருந்த சிங்கப்பூர் 1970-இலும், ஒரே மெதடிஸ்ட் திருச்சபையாயிருந்தது 1976-இலும் தனித்தனியாயின.

இரண்டாவது, மாந்தருக்கு நேர்ந்த இடர். 1965 டிசம்பரில் சிங்கப்பூர் இயற்றிய சட்டத்தின்படி குடிமகனல்லாதவன் அங்கு வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டும். நேற்றுவரை கடற்பாலத்தைக் கடந்து வேலைக்குச் சென்றவன் இன்று அயலானானான். 1967 முதல் பாலத்தில் குடிநுழைவுச் சோதனை ஏற்பட்டது. தாய் ஜொகூரிலும் மகன் சிங்கப்பூரிலும் வாழ்ந்த குடும்பங்களுக்குக் கடவுச்சீட்டு தேவையாயிற்று. படைத்தளங்கள் மூடப்பட்டபோது, செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஆயுள் முழுதும் உழைத்த மலையாளிகளும் தமிழரும் பலர் பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு இந்தியாவுக்குத் திரும்பினர். நாட்டின் கணக்கில் வளர்ச்சியாக எழுதப்பட்ட அதே ஆண்டுகள் இவர்களின் கணக்கில் வேறாக எழுதப்பட்டன.

மூன்றாவது, உள்நாட்டு உரிமைகளின் குறுக்கம். பிழைத்திருப்பதே முதற்கடமை என்ற முழக்கத்தின் கீழ் 1968-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டங்கள் தொழிற்சங்கங்களின் பேர உரிமையைச் சுருக்கின. அவ்வாண்டுத் தேர்தலில் 58 இடங்களும் ஆளுங்கட்சிக்கே கிட்டின. அவற்றுள் 51 இடங்களில் போட்டியே இல்லை. 1981-இல் ஜே. பி. ஜெயரத்தினம் வெல்லும் வரை நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக் குரல் எழவில்லை. 1966-இல் காவலில் வைக்கப்பட்ட சியா தை போ என்னும் முன்னாள் உறுப்பினர் விசாரணையின்றியே 1989 வரை அடைத்து வைக்கப்பட்டார். முற்றுகையிடப்பட்ட சிறு நாடு என்ற உணர்வு செல்வத்தைப் பெருக்கியது. அவ்வுணர்வே மாற்றுக்குரலை அடக்குவதற்கும் காரணமாகக் காட்டப்பட்டது.

மலேசியாவின் கணக்கு

பிரிவைப்பற்றி எழுதுவோர் பலர் பிரிந்தவரின் கணக்கை மட்டுமே பார்க்கின்றனர். தங்கியவரின் கணக்கையும் பார்ப்பது முறை. மலேசியா தன் பெருந்துறைமுகத்தையும் அதன் வருவாயையும் இழந்தது. பின்னர் கிள்ளான் துறைமுகத்தை விரிவாக்கியது. ஜொகூரில் பாசிர் கூடாங், தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகங்களை அமைத்தது. இவ்விழப்பும் காலத்தால் ஈடாயிற்று.

ஆனால் பிரிவின் முதன்மை நோக்கம் இனக்கலவரத்தைத் தவிர்ப்பதன்றோ? 1969 மே 13-ஆம் நாள் கோலாலம்பூரில் மூண்ட கலவரத்தில் அரசின் கணக்குப்படியே 196 பேர் மாண்டனர். சிங்கப்பூர் வெளியேறிய நான்கே ஆண்டுகளில், எது நேரக்கூடாதென்று பிரிந்தனரோ அது நேர்ந்தது. பிரிவு பூசலின் ஒரு தலைவரை அகற்றியது. பூசலின் வேரை அகற்றவில்லை. 1971-இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை மலாய் மக்களின் வறுமையைக் குறைக்க முயன்றது. அதே வேளையில், சமக் குடியுரிமையை வேண்டிநின்ற சீனரும் இந்தியரும் எண்ணிக்கையிலும் குரலிலும் மெலிந்து நின்றனர். தேவன் நாயர் கோலாலம்பூரிலேயே தங்கி, 1966-இல் பதிவுபெற்ற ஜனநாயக செயல் கட்சியை வளர்க்க உதவினார். பின்னர் அவரும் சிங்கப்பூருக்கே சென்றார். சிங்கப்பூர் தன் எல்லைக்குள் சமத்துவத்தைச் சட்டமாக்கியது உண்மை. ஆனால் அச்சமத்துவத்தை ஒரு பெருநாட்டின் கொள்கையாக்க உடனுழைத்த பல்லாயிரவர் பாலத்தின் மறுகரையில் விடப்பட்டனர். ராஜரத்தினமும் தோவும் ஒப்பமிடத் தயங்கியது இதனாலேயே.

அறாத தளைகள்

எவ்வளவு முழுமையாகப் பிரிந்தாலும் புவியியல் பிரிவதில்லை. சிங்கப்பூரின் குடிநீர் ஜொகூரிலிருந்தே வந்தது. 1961, 1962-ஆம் ஆண்டுகளின் நீர் உடன்படிக்கைகளுக்குப் பிரிவு உடன்படிக்கையிலேயே உறுதி பெறப்பட்டது. அஃது ஐக்கிய நாடுகள் அவையிலும் பதியப்பட்டது. முதல் உடன்படிக்கை 2011-இல் முடிந்தது. இரண்டாவது 2061 வரை உண்டு. அதன்படி நாள்தோறும் 25 கோடி காலன் நீரை, ஆயிரம் காலனுக்கு மூன்று காசு என்ற விலையில் சிங்கப்பூர் எடுக்கலாம். இவ்விலைபற்றிய வழக்கு இன்றும் ஓயவில்லை. சிங்கப்பூர் 2003 முதல் கழிவுநீரைத் தூய்மையாக்கியும், 2005 முதல் கடல்நீரை நன்னீராக்கியும் தன்னிறைவு தேடுகிறது.

இதனினும் வியப்பானது, அறுத்த வாணிகத் தளை மீண்டும் முடியப்பட்டதே. 1992 ஜனவரியில் ஆசியான் நாடுகள் தடையற்ற வாணிக வட்டாரத்தை அமைக்க உடன்பட்டன. அவ்வுடன்பாடு கையெழுத்தானது சிங்கப்பூரிலேயே. 1998-இல் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. 2018-இல் ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் விரைவு இரயில் பாதைக்கு இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1963-இல் கூட்டரசுக்குள் பன்னிரண்டு ஆண்டுகளில் அமைப்பதாகக் கூறிய பொதுச் சந்தையின் பெரும்பகுதியை, தனித்தனி நாடுகளாக நின்று, நீண்ட காலம் பேசிப் பேசி அவ்விரு நாடுகளும் அமைத்துக்கொண்டன.

முடிவுரை

இக்கணக்கிலிருந்து நாம் பெறும் முடிவுகள் மூன்று.

முதலாவது, விலகல் தன்னளவில் நன்மையோ தீமையோ தருவதில்லை. சிங்கப்பூரின் உயர்வுக்குப் பிரிவு வாயிலைத் திறந்தது; உள்ளே கட்டியது உழைப்பும் திட்டமும் உலக வாணிகத்தின் நல்ல காலமும் ஆகும். அதே வாயிலில் நுழைந்து வறியதாய் நின்றுவிடும் நாடும் இருக்கக்கூடும்.

இரண்டாவது, வாணிக இழப்பு கொடியதாயினும் ஈடுசெய்யத்தக்கது. தீர்வையும் சந்தையும் உடன்படிக்கையால் மீண்டும் அமைக்கத்தக்கவை. ஆயினும் அதற்குத் தலைமுறைகள் ஆகலாம். இடைக்காலத்தின் சுமை ஆட்சியாளர் தோளில் விழாமல், பாலத்தைக் கடந்து பிழைப்பவர் தோளில் விழுகிறது.

மூன்றாவது, பல இனத்தார் ஒரே பெருங்குடியுரிமையின் கீழ்ச் சமமாக வாழும் முயற்சி முறிந்தால், அதனை எந்த வாணிக உடன்பாடும் மீட்டுத் தருவதில்லை. 1965-இல் சேர்ந்திருத்தல் இயன்றிருக்கும் என்று நாம் வாதிடவில்லை. 1964-இன் சாவுகளைக் கண்டவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அம்முயற்சிக்குத் தரப்பட்ட காலம் இரண்டாண்டுகூட இல்லை என்பதையும், அதன் தோல்வியின் விலையை மறுகரையில் நின்ற சிறுபான்மையினரே மிகுதியாகச் செலுத்தினர் என்பதையும் வரலாறு மறைக்கலாகாது.

ஆகவே ஒரு நாடு கூட்டமைப்பை விட்டு விலகலாமா என்று ஆராயும்போது, நமக்கு எவ்வளவு மிஞ்சும் என்று மட்டும் கேட்பது போதாது. இக்கூட்டமைப்பு எதற்காக அமைக்கப்பட்டது, அந்நோக்கத்திற்கு உரிய காலமும் பொறுமையும் தரப்பட்டனவா, நாம் நீங்கினால் உள்ளே தனித்து விடப்படுவோர் யார் என்னும் கேள்விகளும் அத்துடன் கேட்கப்பட வேண்டும். முதற்கேள்விக்கு விடை காணப் பொருளறிஞர் பலர் உளர். மற்றவற்றுக்கு விடை கூற வேண்டியவர்கள் அந்நாட்டுக் குடிமக்கள் அனைவருமே.